பதினோரு நாளைக்கு ஒரு முறை

நான் முதலில் பார்த்தது அவருடைய முதுகைத்தான். இரண்டு கைகளையும் முழங்கை வரை ஊற்றுத் தொட்டிக்குள் விட்டு, குழாயின் வாயில் கட்டியிருந்த கம்பி வலையிலிருந்து அழுகிய இலைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தொட்டால் எலும்பு வலிக்கிற குளிர்ந்த தண்ணீர். திரும்பிப் பார்க்காமலே, “யாரா இருந்தாலும் சரி, அந்த வாளியக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க” என்றார். தள்ளினேன். நான் இந்த மலைக்குக் குடிவந்து அப்போது இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. பெட்டி கட்டிலின் மேல் அப்படியே இருந்தது.

அவர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. ஆளாளுக்கு அவரைப் பற்றி ஏதாவது சொல்கிறார்கள், எல்லாம் நல்லதாகவே சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி ஒருவர் எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

இங்கே பன்னிரண்டு மரவீடுகள் இருக்கின்றன. சரிவில் மேலும் கீழுமாகக் கட்டியவை. எல்லோருக்கும் ஒரே சமையல்கூடம், ஒரே கிடங்கு, ஒரே துணி துவைக்கும் கொட்டகை. மின்சாரம் கூரை மேலிருக்கும் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. கழிவு எதுவும் மலையை விட்டு வெளியே போவதில்லை, மக்கிக் காய்கறித் தோட்டத்துக்கே போகிறது. மாதம் முதல் தேதி ஒரு தகர டப்பாவில் சீட்டுப் போடுவோம். சமையல், விறகு, தோட்டம், கோழி, கழிவறை வாளி என்று யாருக்கு எது வருகிறதோ அது. கீழே என்னவாக இருந்தோம் என்பது இங்கே செல்லாது. வங்கியில் மேலாளராக இருந்தவர் கழிவறை வாளி சுமப்பார், லாரி ஓட்டியவர் ரொட்டி சுடுவார். ஒரே வேலையை ஒரே ஆள் பிடித்துக்கொண்டால் அவர் முதலாளியாகிவிடுவார் என்பது முதலில் வந்தவர்கள் போட்ட விதி.

இந்த விதிக்கு ஒரே விலக்கு, தண்ணீர். அதை அவரைத் தவிர வேறு யாராலும் சமாளிக்க முடியவில்லை.

நகரத்துக் குடிநீர் அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடம் குழாய் போட்டவர். மனைவி போன பிறகு வீட்டை விற்று, பாதியை மகளுக்குக் கொடுத்துவிட்டு மீதியோடு மேலே வந்தார். அவர் வருவதற்கு முன்னால் ஒரு வீட்டில் பல் விளக்கினால் இன்னொரு வீட்டில் கண்ணில் சோப்போடு நிற்பார்களாம். அவர் வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வால்வு வைத்தார். கீழ்வீடுகளில் அதைப் பாதி மூடினார், மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டார். நான்கு நாள் ஒரு வாளியும் கடிகாரமுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார். ஐந்தாம் நாள் பன்னிரண்டு வீட்டிலும் ஒரு வாளி நிறைய ஒரே நேரம் ஆனது. அன்றிலிருந்து பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவர் குழாய் அண்ணன்.

என்னை நர்சம்மா என்று கூப்பிடுவார். நான் நர்ஸ் இல்லை, நோயாளிகளைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள், முப்பத்து நாலு வருடம் அதே வேலை செய்தவள் என்று இரண்டு மூன்று முறை திருத்தினேன். “ஊசி போடுறவங்க போட்டுட்டுப் போயிடுவாங்க. நீங்கதான கூடவே கிடந்தீங்க. அப்ப பெரிய நர்சு நீங்கதான்” என்றார். அப்புறம் திருத்தவில்லை.

போன வருடம் மழை முடிகிற நேரத்தில், ஊற்றுக்குப் போகிற பாதையில் வழுக்கி விழுந்தார். இரண்டு விலா எலும்பில் விரிசல். கீழே ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்துவிட்டு, மகள் கூப்பிடக் கூப்பிட மேலேயே திரும்பி வந்துவிட்டார். மகளும் பின்னாலேயே வந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை, இரண்டு பிள்ளைகள், கணவன் பாதி நாள் வெளியூர். சமையல்கூடத்து மேசையில் உட்கார்ந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் பேசினாள்.

“போதும்பா. இன்னைக்கே என்கூட வந்துடுங்க.”

“உன் வீடு மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. என்னை மேல ஏத்த ரெண்டு ஆள் வேணும். இறக்க நாலு ஆள் வேணும்.”

“இப்படிப் பேசிப் பேசித்தான் அம்மா வாயையும் அடைச்சீங்க.”

“உங்கம்மா வாயை யாராலயும் அடைக்க முடியாது. சாமி சத்தியமா நான் முயற்சி பண்ணிப் பாத்தேன்.”

அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவதால் அவளுக்கு நான் அத்தை. “நீங்க சொல்லுங்க அத்தை. இந்த வேலை தெரிஞ்சவங்க நீங்க. நீங்க பாத்துக்குவீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். எதையும் யாரிடமும் கேட்காத மனிதர். அன்றைக்குக் கண்ணால் கேட்டார்.

“எல்லாரும் இருக்கோம்மா. எல்லாரும் பாத்துக்குவோம்” என்றேன்.

அவள் என்னைக் கேட்டாள், நான் எல்லோர் பெயரிலும் பதில் சொன்னேன். அப்போது அது தப்பாகத் தெரியவில்லை.

“சரி. ஆனா உடம்பு கொஞ்சம் மோசமானாக்கூட எனக்கு போன் வரணும். அன்னைக்கே வண்டி எடுத்துட்டு வந்துடுவேன். அப்புறம் எந்தப் பேச்சும் கிடையாது. சரியாப்பா?”

அவர் தலையாட்டினார். மலையில் இருக்கலாமா கூடாதா என்பது இனித் தன் உடம்பு கையில் என்பது அந்த நிமிடம் அவருக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அன்று மாலை கூட்டத்தில், பகல் முழுக்க நானே அவரைப் பார்த்துக்கொள்கிறேன், சீட்டிலிருந்து என்னை விட்டுவிடுங்கள் என்றேன். வங்கிக்காரர் கையை உயர்த்தினார். “உங்க பழைய தொழில உங்க தலையிலயே கட்டுனா, அப்புறம் எதுக்கு நீங்க இங்க வந்தீங்க? ஆளுக்கு ஒரு நாள் பாத்துக்குவோம். யாருக்கும் பாரமா இருக்காது.” எல்லோரும் ஆமாம் என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது இனித்தது. முப்பத்து நாலு வருடம் அடுத்தவர் எழுந்திருக்கும் நேரத்துக்கு எழுந்தவள் நான். அந்த மாதம் எனக்குத் தோட்டம் விழுந்திருந்தது. மண்ணில் கை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

அவர் வீட்டைத் தவிர்த்தால் பதினோரு வீடு. ஆக ஒவ்வொரு வீட்டுக்கும் பதினோரு நாளைக்கு ஒரு முறை. வங்கிக்காரர் கோடு போட்டுப் பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டினார். ஆணியில் ஒரு நோட்டு தொங்கியது. முறை வந்தவர் காலையும் மதியமும் மாலையும் சாப்பாடு கொண்டுவைத்து, அடுப்புக்கு விறகு போட்டு, கொஞ்ச நேரம் பேசிவிட்டு, நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். அடுத்த வேளை வரும்போது காலித் தட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவர் வீடு சரிவின் உச்சியில், கடைசி வீடு. ஏறி வந்து மூச்சு வாங்குகிறவர் உட்காருவது கால் மணி நேரம்தான்.

குளிர் ஏறியது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் போர்வை என்று உட்கார்ந்திருப்பார். முகமும் விரல்களும் மட்டும் தெரியும். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை வைத்திருப்பார். லாரிக்காரரோடு சீட்டாட்டம். டீச்சருக்குப் பேப்பர் படித்துக்காட்டும் வேலை. தச்சரோடு ஊற்றில் புதிதாகக் கட்டுகிற இரண்டாவது தொட்டியைப் பற்றிய சண்டை. எனக்கு எப்போதும் சட்டைப் பொத்தான். நான் போகிற நாளெல்லாம் அவர் சட்டையில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருக்கும். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தால் அவரைப் பார்க்க மாட்டேன் அல்லவா.

இரண்டாம் மாதம் வாராந்திரக் கூட்டத்தில் ஒரு புகார் வந்தது. மக்குக் குழிக்குப் போகிற வாளியில் ரொட்டி கிடக்கிறது. ஒன்றிரண்டு துண்டு இல்லை, தினமும் அரை ரொட்டி. அந்த மாதம் மக்குக் குழி பார்த்த வங்கிக்காரருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கோதுமையைக் கீழிருந்து முதுகில் சுமந்து வருகிறோம், விறகு வெட்டிச் சுடுகிறோம், யாருக்கு இவ்வளவு திமிர் என்று கேட்டார். லாரிக்காரர், “என் ரொட்டி அவ்வளவு கேவலமாவா இருக்கு? கல்லுன்னு நெனச்சுப் போட்டாங்களோ என்னவோ” என்றார். எல்லோரும் சிரித்தோம். உணவை வீணாக்காதீர்கள் என்று ஒரு அட்டை எழுதிச் சமையல்கூடத்தில் மாட்டினோம். அரை மணி நேரம் அந்த ரொட்டியைப் பற்றியே பேசினோம். யார் வீணாக்குகிறார்கள் என்று பத்துப் பேர் கேட்டோம். யார் சாப்பிடவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

குழாய் அண்ணனும் அன்று போர்வையோடு வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். “ஆமா, தப்புதான். வீணாக்கக் கூடாது” என்று அவரும் சொன்னார். அதற்கப்புறம் வாளியில் ரொட்டி கிடைக்கவில்லை. தன் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்திருக்கிறார். விரிசல் விட்ட விலாவோடு.

என் ஏழாவது முறை. காலையில் சூப்பும் ரொட்டியும் கொண்டு போனேன். வழக்கம்போலப் பொத்தான் தயாராக இருந்தது. “அப்புறம் தைக்கிறேன், முதல்ல சாப்பிடுங்க” என்று எதிரில் உட்கார்ந்தேன்.

“நேத்து ஆறாம் வீட்டு லாரி, நெஞ்சு முட்ட ஊட்டிட்டுப் போயிட்டாரு. அது இன்னும் இறங்கல. வெச்சுட்டுப் போங்க நர்சம்மா.”

“சரி. ஒரு வாய் தண்ணியாவது குடிங்க.”

குடித்தார். குடித்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். தொண்டை ஒரு முறை ஏறி நின்றது, இறங்கவில்லை. பிறகு துண்டை வாயில் வைத்து, இருமுவதுபோல எல்லாவற்றையும் அதிலேயே துப்பினார். இதை நான் நூறு பேரிடம் பார்த்திருக்கிறேன். பார்த்தவுடன் தெரியும். ஆறு முறை வந்திருக்கிறேன், ஒரு முறைகூட அவர் விழுங்குவதைப் பார்க்கவில்லை.

ஆறாம் வீட்டுக்கு இறங்கினேன். லாரிக்காரர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். “நானா? நேத்து அவரு சூப்பு மட்டும் போதும்னுட்டாரு. முந்தின நாள் டீச்சர் அடுக்கடுக்கா ரொட்டி குடுத்துட்டாங்களாமே.” டீச்சரிடம் போனேன். அதற்கு முந்தின நாள் வங்கிக்காரர் வீட்டில் முட்டை அதிகம் என்றாராம்.

திரும்பி ஏறி வந்து, வாசல் படியில் உட்கார்ந்து ஆணியிலிருந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அதுவரை யாரும் அதைப் படித்ததில்லை. அவரவர் வரியை எழுதிவிட்டு மாட்டிவிடுவோம். ‘நன்றாகப் பேசினார். ரொட்டி பாதி சாப்பிட்டார்.’ ‘இன்று பசி இல்லை என்றார், மற்றபடி நலம்.’ ‘சூப் குடித்தார், நல்ல தூக்கம்.’ ‘இன்று பசி இல்லை என்றார்.’ ‘சீட்டில் மூன்று முறை ஜெயித்தார்.’ ‘பசி இல்லை என்றார்.’ பதினோரு கையெழுத்து. ஒவ்வொருவருக்கும் அது அந்த ஒரு நாளின் பசியின்மை. அதில் என் கையெழுத்தும் ஆறு இடத்தில் இருந்தது. ‘உற்சாகமாக இருக்கிறார். பொத்தான் தைத்தேன்.’

லாரிக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு குழாய் அண்ணனைக் கிடங்குக்குக் கூட்டிப்போனேன். உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு அங்கே இருக்கிறது. ஸ்வெட்டர்களைக் கழற்றினேன். தோள்பட்டை எலும்பைப் பார்த்ததும் லாரிக்காரர் வேறு பக்கம் பார்த்தார். தராசில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அண்ணனை உட்கார வைத்தேன். பெட்டி எடை போக நாற்பத்தாறு கிலோ. ஆஸ்பத்திரிச் சீட்டில் அறுபத்தொன்று என்று இருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

“தராசு தப்பு” என்றார்.

இருபத்தைந்து கிலோ உப்பு மூட்டையைத் தூக்கி வைத்தோம். முள் இருபத்தைந்தில் நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டு ஸ்வெட்டரை எடுத்து மாட்டத் தொடங்கினார். கை தப்பான ஓட்டையில் போயிற்று. சரிசெய்துவிட்டேன்.

“எத்தனை நாளா அண்ணே?”

“விழுந்ததுக்கு முன்னாடியே கொஞ்சம் இருந்துச்சு.” ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, லேசான பெருமை குரலில் வந்தது. “ஒரே குழாய்லேருந்து நிறைய எடுத்தா உடனே தெரிஞ்சுடும். பதினோரு குழாய்லேருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா ஒருத்தனுக்கும் தெரியாது. டவுன்ல தண்ணி திருடுறவன் அப்படித்தான் பண்ணுவான். நான் எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன்.”

லாரிக்காரர் வெளியே போய்விட்டார்.

“நான் போன் பண்ணப் போறேன்” என்றேன்.

“ஒரே ஒரு சுத்து விட்டுக் குடுங்க. பதினோரு நாள். தச்சர் ரெண்டாவது தொட்டிய முடிச்சுடுவாரு. பாத்துட்டு நானே போயிடுறேன்.”

“பதினோரு நாள் எதை முழுங்குவீங்க?”

“நீங்க மட்டும் நோட்டுல எழுதாதீங்க நர்சம்மா. லாரி வெளிய சொல்ல மாட்டாரு. மத்தவங்களுக்கு எதுவும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே அண்ணே.”

அவர் என் கையைப் பிடித்திருந்தார். பிடித்திருந்ததை விட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “ஆமா. உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றார். அவ்வளவுதான்.

ரோட்டு வளைவில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்று மகளிடம் சொன்னேன். கிலோவைச் சொன்னபோது அவள் திருப்பிக் கேட்டாள். திரும்பவும் சொன்னேன்.

மறுநாள் மதியம் ஜீப்போடு வந்தாள். அப்பாவின் ஸ்வெட்டரை முன்னால் தூக்கிப் பார்த்தாள், இறக்கிவிட்டாள். எங்களில் ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றிருந்தோம். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. நோட்டை ஆணியிலிருந்து எடுத்து, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி, மெதுவாக என்னிடம் சொன்னாள்: “பதினோரு வீடு இருந்தீங்க அத்தை. ஒரே ஒரு வீடு இருந்திருந்தா பாத்திருப்பீங்க.”

வங்கிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவள் சொன்னதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

லாரிக்காரரும் தச்சரும் அவரைத் தூக்கி ஜீப்பின் முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. தச்சரைக் கூப்பிட்டு, தொட்டியின் வடிகால் ஓட்டை சுவரோடு ஒட்டி இருக்கக் கூடாது, நான்கு விரல் தள்ளி இருக்க வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டினார். தச்சர் இரண்டு முறை தலையாட்டினார். வண்டி நகர்ந்தது.

உணவுக்குழாயில் கட்டி. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம், இப்போது முடியாது என்று டாக்டர் சொன்னாராம். வயிற்றில் குழாய் வைத்து, மூன்றாவது மாடியில் நாற்பத்தொரு நாள் இருந்தார். நான் ஒரு முறை போய்ப் பார்த்தேன். மகள் சுத்தமாகப் பார்த்துக்கொண்டாள். முதுகில் ஒரு புண் இல்லை. “இங்க தண்ணி காலையில ஒரு மணி நேரம்தான் வருது” என்று என்னிடம் குறை சொன்னார். மலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அங்கேயேதான் இறந்தார். மேலே இருக்கத்தான் அவ்வளவும் செய்தார், அதுதான் நடக்கவில்லை. நான் அன்றைக்குப் போன் செய்யாமல் இருந்திருந்தாலும் கட்டி நின்றிருக்காது. மேலேயே போயிருப்பார், பட்டினியாக. இதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நான் தேற்றிக்கொள்வதில்லை.

ஜீப் போன மறுநாள் காலை அவர் வீட்டைச் சுத்தம் செய்யப் போனேன். மெத்தை உறையை உருவிக்கொண்டிருக்கும்போது தச்சரின் மனைவி மூச்சு வாங்க ஏறி வந்தாள். கையில் மூடிபோட்ட கிண்ணம், துணியில் சுற்றிய ரொட்டி. முந்தின நாள் எல்லோரோடும் வாசலில் நின்று வண்டியை வழியனுப்பியவள்தான்.

“இன்னைக்கு எங்க முறை, அக்கா” என்று தொடங்கியவள், கட்டிலைப் பார்த்து நின்றுவிட்டாள். “விடிஞ்சதும் பட்டியலப் பாத்தேன். அப்படியே சூப் வெச்சுட்டேன். எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல.”

“கீழ வை. இந்த மெத்தைய ஒரு பக்கம் பிடி” என்றேன்.

இரண்டு பேருமாக மெத்தையை வெளியே தூக்கிப் போய் வெயிலில் சாய்த்தோம். உறைகளை ஊறப் போட்டோம். தரையைப் பெருக்கி, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். நடுவில் அவள் அழுதாள். அழுதுகொண்டே தேய்த்தாள், நான் வாளியை அவள் பக்கம் தள்ளினேன். முடித்ததும் சூப்பை அடுப்பில் வைத்துச் சூடாக்கினேன். டீச்சருக்கு இரண்டு மூன்று நாளாகக் கால் வீங்கியிருக்கிறது, சமையல்கூடத்துக்கு வருவதில்லை, வீட்டிலேயே சாப்பிடுகிறார் என்று அவள்தான் பேச்சுவாக்கில் சொன்னாள்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் வீட்டுக்குப் போனேன். டீச்சர் கதவைத் திறந்து, “வெச்சுட்டுப் போங்க, அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்” என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். காலை ஸ்டூல் மேல் தூக்கி வைக்கச் சொல்லி, வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது, எழும்ப நேரம் ஆனது. பிறகு கரண்டியைக் கையில் கொடுத்தேன். அவர் சாப்பிட முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடிகிற வரைக்கும் அங்கேயே இருந்தேன்.